கச்சான் வீசும் பக்கம்

ஆடி மாதத்தில் கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயில் ஏறுகிறவர்கள் பட்டிப்பொல வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வது நல்லது. ஹட்டனில் தொடங்கிய தூறல் அதுவரை விட்டிருக்காது. கண்ணாடி முழுக்க ஈரம், வெளியே வெள்ளை மூடுபனி, கையை நீட்டினால் விறைக்கும் குளிர். கடல் மட்டத்திலிருந்து 1898 மீட்டரில் பாதையின் உச்சி. அதைத் தாண்டியதும் 18ஆம் இலக்கச் சுரங்கம். சில நொடி இருட்டு. மறுவாசலில் ரயில் வெளியே வரும்போது பல நாட்களில் நீலவானமும் சுள்ளென்ற வெயிலும் காத்திருக்கும். புல் காய்ந்து மஞ்சளாகக் கிடக்கும். ரயில் மத்திய மாகாணத்திலிருந்து ஊவா மாகாணத்துக்குள் நுழைந்திருக்கிறது. கடந்தது ஒரு மலைமுதுகுதான், ஆனால் மழைக்காலம் அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

இலங்கை சிறிய தீவு. பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தெற்கு முனை நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 6 பாகையைக்கூட எட்டவில்லை. வடக்கு முனை 10 பாகையைத் தொடவில்லை. சுற்றிலும் சூடான கடல். இப்படிப்பட்ட இடத்தில் எங்கும் ஒரே வானிலைதான் இருக்கவேண்டும் என்று தோன்றும். அப்படி இல்லாமல் போனதற்குக் காரணம் தீவின் தெற்கு நடுவில் நிமிர்ந்து நிற்கும் மலைத்திரள். பிதுருதலாகலை 2524 மீட்டர், சிவனொளிபாதமலை 2243, நமுனுகுலை 2036. வட்டவளைப் பக்கத்து மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அங்கிருந்து நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் போனால் 1000 மில்லிமீட்டரை எட்டவே திணறும் அம்பாந்தோட்டை. தீவுக்கு வரும் காற்று வருஷத்துக்கு இரண்டு தடவை திசை மாறுகிறது. மலை அசையாமல் நிற்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்த நாட்டின் வானிலையில் பாதி விளங்கிவிடும்.

கடலோடிகள் இதை எப்போதோ சொல்லாக்கி வைத்துவிட்டார்கள். வடக்கு, வடகிழக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கு, தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். (ஈழத்தில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர், கடலை வறுக்கும் வாசம் வரும் திருவிழாக் காலமும் இந்தக் காற்றின் காலமும் பல ஊர்களில் ஒன்றாகவே வரும்.) வானொலி அறிவிப்பில் "தென்மேல் பருவப்பெயர்ச்சி" என்பது நான்கைந்து மாதத்தை ஒரே பெயரில் அடக்கிவிடுகிறது. சோளகம் கச்சானாகத் திரும்புகிறது என்று ஒரு மீனவர் சொன்னால், கடல் எந்தப் பக்கம் அடிக்கும், கரையில் வெக்கை எப்படி இருக்கும், வலையை எப்போது தூக்கவேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலேயே வந்துவிடும். இங்கே நான் அந்தச் சொற்களையே பாவிக்கிறேன்.

மலையில் மோதும் காற்று என்ன செய்கிறது? பள்ளிக்கூடப் படத்தில் அது அப்படியே ஏறி, மழையைக் கொட்டி, மறுபக்கம் இறங்கும். உண்மையில் காற்று ஏறுவதற்குச் சக்தி வேண்டும். மேலே போகப்போகக் காற்று அடுக்கடுக்காக நிலைத்து நிற்பதால், கீழிருந்து ஏறும் காற்றை மேலடுக்கு திருப்பித் தள்ளும். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டரில் வரும் காற்று சாதாரண நாளில் ஏறக்குறைய 1000 மீட்டர்தான் தானாக ஏறும். வேகம் இரட்டிப்பானால் ஏறும் உயரமும் இரட்டிப்பாகும். 2000 மீட்டர் மலைமுதுகின் முன்னால் அந்த 10 மீட்டர் காற்று வந்து நின்றால், அடிப்பகுதிக் காற்று இடமும் வலமுமாகப் பிரிந்து மலையைச் சுற்றிப் போகும். மேலிருக்கும் காற்று மட்டும் தாண்டும். ஈரம் நிறைந்த காற்றானால் கணக்குக் கொஞ்சம் மாறும். மேகம் கட்டும்போது நீராவி தன் வெப்பத்தைக் காற்றுக்கே கொடுப்பதால் அது இன்னும் உயரம் ஏறும். தென்மேல் காற்று இலங்கைக்கு வரும்போது நல்ல ஈரத்தோடுதான் வருகிறது. ஆகவே ஒரு பகுதி ஏறுகிறது, ஒரு பகுதி சுற்றுகிறது. ஏறியது கச்சானாகிறது. சுற்றியது மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் பலத்த காற்றாகிறது.

முதலில் ஏறியதைப் பார்ப்போம். கொழும்புக் கரையில் காற்று 28 பாகை செல்சியஸ், அதன் பனிநிலை (அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 24 பாகை என்று வைத்துக்கொள்வோம். இவை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடி எவ்வளவு உயரத்தில் கட்டும் என்பது மீட்டரில் கிடைக்கும்: 500 மீட்டர். அதுவரை காற்று கிலோமீட்டருக்கு 10 பாகை வீதம் குளிரும். 500 மீட்டரில் 23 பாகை. அதன்பின் மேகம் கட்டத் தொடங்குவதால் குளிரும் வேகம் பாதியாகி, கிலோமீட்டருக்கு 5 பாகை அளவில் நிற்கும். 2000 மீட்டர் முகட்டுக்கு வரும்போது 15.5 பாகை. கட்டிய நீர் வழியிலேயே கினிகத்தேனையிலும் வட்டவளையிலும் மழையாக விழுந்துவிட்டது. இனி இறக்கம். இறங்கும் காற்றில் ஆவியாவதற்கு மேகத்துளி இல்லை. 2000 மீட்டரும் கிலோமீட்டருக்கு 10 பாகை வீதம் சூடாகிறது. மட்டக்களப்புக் கரையில் அது 35.5 பாகை. கொழும்பில் கிட்டத்தட்ட 80 சதவீதமாக இருந்த ஈரப்பதன் இங்கே 40 சதவீதத்துக்குக் கீழே. வெயில் ஒரு பாகைகூடக் கூட்டவில்லை. மலை ஏறி இறங்கியதிலேயே ஏழரைப் பாகை ஏறிவிட்டது.

இந்தக் கணக்கை நம்பிவிட்டு ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. மேற்கில் மழையே பெய்யாத நாளிலும் கிழக்கே கச்சான் கொளுத்துவதுண்டு. மேலே சொன்ன தடுப்புதான் அதற்குக் காரணம். அடிக்காற்று மேற்கே தேங்கி நிற்க, 1500 மீட்டரிலும் அதற்கு மேலும் இருக்கும் காற்று மட்டும் முகட்டைத் தாண்டி மறுபக்கம் சரிகிறது. 1500 மீட்டரில் 19 பாகையாக இருந்த காற்று கடல்மட்டத்துக்கு இறங்கினால் 34 பாகை. அது தொடக்கத்திலேயே உலர்ந்த காற்று. மழையில்லாத கச்சானில் உதடு வெடிப்பது அதனால்தான்.

இதைக் கண்ணால் பார்க்க வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் நல்ல இடம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மேற்கே ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பில் ஒரு மேகச்சுவர் நிற்கும். காற்று உங்கள் சட்டையைப் படபடக்க வைக்கும், மரங்கள் ஆடும், ஆனால் அந்தச் சுவர் நகராது. உற்றுப் பார்த்தால் அதன் முன்விளிம்பு கிழிந்து கிழிந்து கீழே வழிவதும், ஐம்பது நூறு மீட்டர் இறங்குவதற்குள் கரைந்து காணாமல் போவதும் தெரியும். பின்னால் இருந்து புதுமேகம் வந்துகொண்டே இருப்பதால்தான் சுவர் அப்படியே நிற்பதுபோல் தோன்றுகிறது. சுவர் தடித்து, அதன் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தால் அன்றைக்குக் கீழே கச்சான் பலம். விளிம்பு குழம்பி, மேகத்துண்டுகள் பள்ளத்தாக்கின் நடுவரை மிதந்து வந்தால் காற்று தளர்கிறது. பின்னேரம் ஒரு தூறல்கூட விழலாம்.

மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இந்தக் காலத்து நாளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. காலையிலேயே மேற்குக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். வெக்கை ஏறும். மதியத்தை ஒட்டி, சூடேறிய தரை கடலிலிருந்து காற்றை இழுக்கத் தொடங்கும். கொண்டல் கரையேற முயலும். இரண்டும் கரையில் முட்டிக்கொள்ளும். கொண்டல் வென்றால் பத்து நிமிடத்துக்குள் காற்றில் உப்பு வாசம் வந்து, வெப்பம் மூன்று நான்கு பாகை இறங்கிவிடும். கச்சான் பலமான நாளில் கொண்டல் கடலிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட இரவில் மலைக்காற்று தரையைத் தொடர்ந்து கிளறிக்கொண்டே இருப்பதால் விடியும்வரை வெக்கை விடாது. முதியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளில் கவனமாக இருக்கவேண்டியது இந்த இரவுகளில்தான். பகல் வெப்பத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உடம்பை உண்மையில் சோர வைப்பது ஆறாத இரவு.

சிறுபோக நெல்லுக்கும் இதில் ஒரு கண்டம் இருக்கிறது. நெற்பூ மலர்வது பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கும் மதியத்துக்கும் இடையில், ஒவ்வொரு பூவும் திறந்திருப்பது ஒரு மணி நேரம் அளவுக்குத்தான். அந்த நேரத்தில் 35 பாகை வெக்கையும் உலர்ந்த காற்றும் சேர்ந்தால் மகரந்தம் காய்ந்து பதராகிவிடும். கதிர் நிமிர்ந்து நின்றால் அது நல்ல விளைச்சலின் அடையாளம் அல்ல, உள்ளே மணி இல்லை என்று அர்த்தம். விதைப்பு நாளைக் கணக்கிடும்போது பூக்கும் பத்து நாள் கச்சானின் உச்சத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அது முடியாவிட்டால் பூக்கும் நாட்களில் வயலில் நாலைந்து சென்டிமீட்டர் நீர் நிற்கவேண்டும். பயிரே தன் இலைவழியாக நீரை விட்டுத் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும். வேரில் ஈரம் இல்லையென்றால் அதுவும் முடியாது.

ஊவாவில் இதே காற்று தீயைக் கொண்டுவருகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மானாப் புல் காய்ந்த சரிவுகளில் ஒரு தீப்பொறி போதும். சாதாரணமாகத் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். ஆகவே மேலே தீத்தடுப்புப் பாதை வெட்டி வைத்திருப்பார்கள். கச்சான் நாளில் காற்று முகட்டிலிருந்து கீழே பாய்வதால் தீயும் கீழே இறங்கும். மேலே வெட்டிய பாதை சும்மா கிடக்க, கீழே இருக்கும் பைனஸ் தோட்டமும் வீடுகளும் எரியும். முகட்டில் புல் வெட்டுகிறவர்கள் அடிவாரத்திலும் ஒரு பாதை வெட்டியாகவேண்டும்.

இனி, ஏறாமல் சுற்றிய காற்று. ஓடையின் நடுவில் ஒரு பாறை இருந்தால் அதன் இரு ஓரத்திலும் நீர் வேகமெடுக்கும். தென்மேல் காற்றுக்கு மலைத்திரள் அந்தப் பாறை. ஒரு ஓரம் தென்கிழக்கில் அம்பாந்தோட்டை. மறு ஓரம் வடமேற்கில் கற்பிட்டி, புத்தளம், மன்னார். மன்னார்ப் பக்கத்தில் இன்னொரு நெருக்கமும் சேர்கிறது: ஒருபுறம் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபுறம் இலங்கை மலை, இரண்டுக்கும் நடுவே மன்னார் வளைகுடா என்ற வாய்க்கால். ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்வதும் இதே வகை நெருக்கத்தால்தான். இலங்கையின் முதல் காற்றாலைகள் 1999இல் அம்பாந்தோட்டையில் நட்டவை; மொத்தம் 3 மெகாவாட். மன்னார்த் தீவின் தம்பபவனியில் இப்போது 30 ஆலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், ஆக 103.5 மெகாவாட். இடைப்பட்ட காலத்தில் மின்பொறியியல் வளர்ந்தது. காற்றோ அன்றிருந்த அதே இரண்டு மூலைகளில்தான் வீசுகிறது.

அம்பாந்தோட்டையில் மழை குறைந்ததற்கும் உப்பு விளைந்ததற்கும்கூட இதுதான் காரணம். அங்கே காற்று கரைக்கு இணையாக ஓடுகிறது. ஏறுவதற்கு மேடு இல்லை. ஈரம் நிறைந்த காற்றாக இருந்தும் மழையாகாமல் கடந்து போய்விடுகிறது. மன்னாருக்கும் அதே கதை. கடலிலும் இதன் தடம் விழுகிறது. தீவின் தெற்கு ஓரத்தில் வேகமெடுத்த காற்றும், கிழக்கே மலையின் மறைவில் தளர்ந்த காற்றும் பக்கம்பக்கமாக ஓடுவதால், கடலின் மேற்பரப்பு நீர் விலகி, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. கிழக்குக் கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை உருவாகும் இந்தக் குளிர்ந்த திட்டுக்குக் கடலாய்வாளர்கள் ஸ்ரீலங்கா டோம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதே மறைவுதான் கிழக்குக் கரையில் கடலை அமைதியாக வைத்திருக்கிறது. மேற்கே நீர்கொழும்பு, சிலாபத்துக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்த மீனவர்கள் கிழக்கே வந்து வாடி (தற்காலிகக் குடிசை) அடித்துத் தங்குவதும், கரைவலை இழுப்பதும் மலை கொடுக்கும் நிழலில்.

சின்னக் காற்றுகள்

பருவக்காற்று ஓயும் மாதங்களில், அதாவது மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், மலை தன் சொந்தக் காற்றை உண்டாக்கிக்கொள்ளும். ஹோர்ட்டன் சமவெளியில் "உலக முடிவு" என்ற மலைவிளிம்புக்குப் போகிறவர்களிடம் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள் என்று சொல்வார்கள். சூரியன் சரிவைச் சுட்டதும் சரிவை ஒட்டிய காற்று இலேசாகி மேலே ஏறத் தொடங்கும். எண்ணூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக விழும் அந்தப் பள்ளத்திலிருந்து முதலில் நூல் நூலாகப் புகை எழுவதுபோல் இருக்கும். அரை மணி நேரத்தில் பள்ளம் முழுக்க வெள்ளை. அப்புத்தளையிலும் மத்தியானத்துக்குப் பிறகு தெற்கிலிருந்து மூடுபனி ஏறி வீதியைக் கடப்பது இந்தக் காற்றால்தான்.

இரவில் எல்லாம் தலைகீழ். குளிர்ந்து கனத்த காற்று நீர்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஜனவரி, பெப்ரவரியில் வாடையும் ஓய்ந்து வானமும் தெளிந்த இரவுகளில் நுவரெலியா, அம்பேவளைப் பள்ளங்களில் உறைபனி பிடிப்பது இப்படித்தான். சரிவின் நடுவில் இருக்கும் தேயிலைக் கொழுந்து பச்சையாக இருக்க, ஐம்பது மீட்டர் கீழே தட்டையான இடத்தில் உள்ளது கருகியிருக்கும். காற்றுத்தடுப்புக்காக அடிவாரத்தில் குறுக்கே அடர்த்தியாக மரம் நட்ட இடங்களில் இந்தக் குளிர் குளம்போல் தேங்கி நிற்கும். வேலியில் ஒரு வாசல் விட்டால் வடிந்துவிடும். நீர் தெளித்துப் பயிரைக் காப்பாற்றுகிறவர்கள் பனி முழுவதும் உருகும்வரை தெளிப்பதை நிறுத்தக்கூடாது. நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் இலையைக் காக்கிறது. நடுவில் பம்பை நிறுத்தினால், இலையில் இருக்கும் நீர் ஆவியாகி, தெளிக்காத பாத்தியைவிட மோசமாகக் குளிரவைத்துவிடும்.

இடைப்பருவ மத்தியானங்களில் மேற்குக் கரையின் கடல்காற்றும் கிழக்குக் கரையின் கடல்காற்றும் உள்நாட்டில் சந்திக்கின்றன. மலையடிவாரம் அவற்றை மேலே தூக்கிவிடுகிறது. இரண்டு மணிக்கு மேல் இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் இடி உருளும். அந்த இடிமேகம் முதிர்ந்ததும் உள்ளே மழைத்துளிகள் ஆவியாகி, காற்றைக் குளிரவைத்து, அந்தக் குளிர்காற்று கல்போல விழும். தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும். மறுநாள் செய்தியில் "மினி சூறாவளி" என்று வருவது அநேகமாக இதுதான். சூறாவளிக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஒரு கிராமத்தின் பாதியைத் தொட்டு மறுபாதியை விட்டுவிடும். விழுந்த மரங்களைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்: ஒரு நடுப்புள்ளியிலிருந்து வெளிப்பக்கமாக விரிந்து விழுந்திருந்தால் மேலிருந்து கொட்டிய காற்று, ஒன்றை ஒன்று குறுக்கிட்டு உள்நோக்கிச் சுழன்று விழுந்திருந்தால்தான் சுழல்காற்று. வருமுன் அடையாளம்: புழுக்கமான காற்று திடீரென்று நின்றுபோகும், பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து மண்வாசனையோடு குளிர்ந்த வீச்சு வரும். அந்த முதல் வீச்சு தொட்டதிலிருந்து பலத்த காற்றுக்கு ஓரிரு நிமிடம்தான். கடலில் இருப்பவர்கள் அதற்கு முன்பே, கரைப்பக்கம் கருத்த மேகத்தின் அடியில் மங்கலான வில்போல ஒரு கோடு தெரியும்போதே, பாயை இறக்கவேண்டும்.

புயல் வரும்போது

வரைபடத்தில் புயலின் நடுப்புள்ளியையும் அது போகும் கோட்டையும் மட்டும் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. மலையுள்ள தீவில் அது போதாது. அந்தப் புயல் இழுக்கும் காற்று எந்தச் சரிவில் மோதுகிறது என்பதைப் பார்க்கவேண்டும். 2003 மே நடுப்பகுதியில் வங்கக்கடலில் ஒரு புயல் இருந்தது. அது இலங்கையில் கரையேறவில்லை. ஆனால் தென்மேல் காற்றை முழுப்பலத்தோடு தன்பக்கம் இழுத்தது. அந்தக் காற்று வழியில் மேற்கு, தென்மேற்குச் சரிவில் மோதி, இரத்தினபுரியையும் களுத்துறையையும் மாத்தறையையும் வெள்ளத்தில் மூழ்கடித்தது. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்தபோதும் ரோனு என்று பின்னர் பெயர் பெற்ற தாழமுக்கம் தீவை ஒட்டியிருந்தது. 2017 மே இறுதியில், பின்னர் வங்காளதேசத்தில் கரையேறிய மோராவின் தொடக்கக் காலத்தில், மறுபடியும் அதே சரிவுகள். மூன்று தடவையும் மே மாதம், மூன்று தடவையும் தென்மேற்கு முகம். புயல் வடகிழக்கே விலகிப் போகிறது என்ற செய்தி இரத்தினபுரிக்காரருக்கு நல்ல செய்தி அல்ல.

நவம்பர், டிசம்பரில் முகம் மாறும். புயல் கிழக்கே இருந்தால் அதன் வடக்கு, வடகிழக்குக் காற்று மலையின் கிழக்கு, வடக்கு முகங்களில் மோதும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா கிழக்குக் கரையையொட்டி மெதுவாக வடக்கே நகர்ந்தபோது கண்டி, மாத்தளை, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தது அப்படித்தான். மெதுவாக நகர்வது என்பது இங்கே முக்கியம். கடற்கரையில் இருப்பவருக்குப் புயலின் வேகம் பயம். மலையில் இருப்பவருக்கு அதன் தாமதம் பயம். ஒரே சரிவில் ஒரே காற்று இரண்டு நாள் மோதினால், காற்று பலவீனமாக இருந்தாலும் மண் தாங்காது. மண்சரிவு எச்சரிக்கைக்கு இலங்கையில் பாவிக்கும் அளவு 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 அல்லது ஒரே மணி நேரத்தில் 75 என்றால் வெளியேற்றம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசைக்கு ஒரு மழைமானி இருந்தால் இந்த எண்களை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மழை மாறும் இடத்தில் இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்தின் கணக்கை நம்பியிருப்பது ஆபத்து.

வடக்குச் சமவெளி வேறு கதை. 1964 டிசம்பர் 22 அன்று வன்னியைக் குறுக்கே கடந்த புயலை உடைக்க அங்கே மேடு எதுவும் இல்லை. பலம் குன்றாமல் பாக்கு நீரிணைக்குள் இறங்கி, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பில் கரையேறிய சூறாவளியும் மலைத்திரளுக்கு வடக்கே வடமேற்காகப் போய், மன்னார் வளைகுடாவைத் தாண்டி இராமநாதபுரத்தைத் தொட்டது. மலையின்மேல் நேராக ஏறும் புயலுக்கு அடிச்சுழற்சி சிதைந்துவிடும். பக்கவாட்டில் தாண்டுவதற்கு அவ்வளவாக ஒன்றும் ஆகாது.

கரையில் இருப்பவர் காற்றை வைத்தே புயல் எங்கே என்று கணக்கிடலாம். காற்றை முகத்தில் வாங்கி நின்றால் புயலின் நடு உங்கள் வலக்கைப் பக்கம், கொஞ்சம் பின்னால் இருக்கும். கிழக்கிலிருந்து மேற்கே போகும் புயலில், காற்று வாடையில் தொடங்கிக் கொண்டலாகி, பிறகு சோளகமாகத் திரும்பினால் புயல் உங்களுக்குத் தெற்கால் போகிறது. வடமேற்கில் தொடங்கிக் கச்சானாகி, பிறகு தென்மேற்காகத் திரும்பினால் வடக்கால் போகிறது. திசை மாறாமல் வடக்கிலிருந்தே பலம் ஏறிக்கொண்டே வந்தால் நேரே உங்களை நோக்கி வருகிறது. அப்போது நடுவில் ஒரு அமைதி வரும். மழை விடும், நட்சத்திரம்கூடத் தெரியும். முறிந்த கூரையைப் பார்க்க வெளியே வந்தவர்கள் அகப்படுவது அடுத்த பாதியில்: காற்று தெற்கிலிருந்து, முதல் பாதியில் இருந்த அதே பலத்தோடு, முன்னறிவிப்பில்லாமல் அடிக்கும். வடக்குக் காற்றில் சாய்ந்தும் விழாமல் நின்ற மரமும் சுவரும் இப்போது எதிர்ப்பக்கம் விழும். மலைப்பள்ளத்தாக்கில் இந்த வலக்கை விதியை நம்பாதீர்கள். அங்கே காற்று பள்ளத்தாக்கின் நீளவாட்டில்தான் ஓடும். திசையறிய மேலே ஓடும் மேகத்தைப் பார்க்கவேண்டும்.

முகட்டில் வீடு கட்டியிருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சரிவில் ஏறும் காற்று முகட்டை அடையும்போது நெருங்கி ஒன்றரை மடங்கு வேகமெடுப்பது சாதாரணம். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். ஒன்றரை மடங்கு வேகம் என்றால் இரண்டேகால் மடங்கு விசை. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 47 கிலோ கொடுக்கும். பத்தடி நீளம் இரண்டரை அடி அகலமுள்ள ஒரு தகரத்துக்கு அது நூறு கிலோவுக்கு மேல். கூரையின் மூலையிலும் விளிம்பிலும் மேல்நோக்கி உறிஞ்சும் விசை இதைப்போல இரண்டு மடங்கு வரும். தகரத்தின் சொந்த எடை பத்துக் கிலோ அளவுதான். அதனால் கூரை எப்போதும் மூலையிலிருந்தே கிளம்பும். ஒரு தகரம் எழுந்தால் அடுத்ததன் விளிம்பு வெறுமையாகி அதுவும் எழும். நடுவில் இரண்டு அலைக்கு ஒரு திருகாணி அடித்தாலும், மூலையிலும் ஓரத்திலும் ஒவ்வொரு அலைக்கும் அடிக்கவேண்டும். திருகாணி பிடித்திருக்கும் கைமரம் சுவரோடு கம்பியாலோ பட்டியாலோ கட்டப்பட்டிருக்கவேண்டும். இல்லாவிட்டால் தகரம் மரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். கூரைமேல் கல்லும் மணல்மூட்டையும் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. காற்று பலமானால் அவையும் பறக்கும், விழும் இடத்தில் ஆள் இருக்கும்.

மரவேலியிலும் இப்படியொரு தவறு அடிக்கடி நடக்கிறது. அடர்ந்த சுவர்போல நட்டால் நல்ல மறைப்பு என்று நினைக்கிறார்கள். காற்று அதன்மேல் ஏறி, உடனே பின்னால் குப்புற விழுந்து சுழலும்; வேலிக்குப் பின்னால் இருக்கும் முதல் வரிசைகளே அடிபடும். பாதிக்குப் பாதி இடைவெளி உள்ள வேலிதான் நல்லது. கிரவிலியா மரம் 15 மீட்டர் வளர்ந்து நின்றால், பின்னால் 50 மீட்டரிலிருந்து 120 மீட்டர் வரை நல்ல மறைப்பும், 200, 250 மீட்டர் வரை ஓரளவு மறைப்பும் கிடைக்கும். நடுவில் ஒரு மரம் செத்துப்போனால் உடனே நிரப்பவேண்டும். அந்த ஓட்டை வழியே காற்று திறந்த வெளியைவிட வேகமாகப் பாயும்.

ஊவாவில் இந்த மரவேலிகளைப் போட்டுக் காற்றைத் தடுத்துக்கொண்டே, ஜூலை வந்தால் எல்லோரும் அதே காற்றுக்காகக் காத்திருப்பார்கள். கச்சான் உலர்த்தும் வாரங்களில் தேயிலைச் செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும். கொழுந்து சிறுக்கும், எடை விழும். ஆனால் வாட்டத்தைத் தாங்கச் செடி உண்டாக்கும் வாசனைப் பொருட்கள் இலையில் சேரும். அவற்றில் மெதைல் சாலிசிலேட் முக்கியமானது. ஊவாத் தேயிலையில் நாக்கில் படும் அந்தக் குளிர்ந்த, பச்சைக்கற்பூரம்போன்ற சுவை அதிலிருந்து வருகிறது. இரவுக்காற்று உலர்ந்திருப்பதால் தொழிற்சாலையில் வாட்டும் வேலையும் சீக்கிரம் முடியும். ஜனவரி முதல் மார்ச் வரை வாடை மலையின் மறுபக்கத்திலிருந்து வந்து இறங்கும்போது, இதே வேலையை ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து டிம்புளாத் தோட்டங்களுக்குச் செய்கிறது. அங்கே உலர்ந்த குளிர். ஊவாவின் நல்ல காலம் செப்டம்பருக்குள் முடிந்துவிடும். மேற்கே மேகச்சுவர் கலைந்து, மத்தியானம் முதல் இடிமழை விழுந்ததும் கொழுந்து மறுபடி மளமளவென்று வளரத் தொடங்கும். எடை கூடும். அந்த வாசனை அடுத்த ஆடிவரை வராது.